தூங்குற விளையாட்டு

கர்ட்டன்காரம்மாவுக்குச் சின்ன வயதில் சொந்தமாக ஒரு பொம்மைகூட இருந்ததில்லை. ஆனால் பொம்மைகளைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டால் அவளை நிறுத்த யாராலும் முடியாது. கடை முதலாளி வீட்டுப் பையனிடம் கட்டிலுக்கு அடியில் சுற்றிச் சுற்றி ஓடும் ரயில் இருந்தது. அதன் கடைசிப் பெட்டி மட்டும் வளைவில் எப்போதும் கவிழும். கவிழ்ந்ததை நிமிர்த்தி வைப்பதுதான் அந்த வீட்டில் அவளுக்குக் கிடைத்த உரிமை. டீச்சர் வீட்டுப் பெண்ணிடம் கட்டைவிரல் அளவில் பீங்கான் கப்புகள் இருந்தன. ஒன்றுக்குப் பிடி உடைந்திருக்கும். விருந்தாளியாக உட்காரவைத்தால் இவளுக்கு வருவது அந்தக் கப்தான். அதையும் சந்தோஷமாகத்தான் சொல்வாள்.

அவளுடைய அம்மா வீடு வீடாகப் போய்ச் சமைத்தவள். மகளை விட்டுவிட்டு வர ஆள் கிடையாது. அதனால் கையோடு இழுத்துக்கொண்டு போவாள். ஒவ்வொரு வீட்டுப் பின்வாசலிலும் நின்று, "பாரு, தொடாத. அவங்களா குடுத்தா வெளையாடு. வீட்டுக்கு மட்டும் எடுத்துட்டு வந்த, தோலை உரிச்சிருவேன்" என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே நுழைவாள்.

இப்போது கர்ட்டன்காரம்மாவுக்குப் பேரப்பிள்ளை எடுக்கிற வயது. அவளும் புருஷனுமாகத்தான் தொழில். அவள் அளவெடுப்பாள், வெட்டுவாள், தைப்பாள். அவர் ட்ரில் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்து சுவரில் துளை போட்டுக் கம்பி மாட்டுவார். "துணி அவளோடது, ஓட்டை என்னோடது" என்று போகிற வீட்டிலெல்லாம் ஒரே ஜோக்கை அடிப்பார். வீட்டுக்காரர்கள் சிரிக்காவிட்டால் அவரே சிரித்துக்கொள்வார்.

எத்தனையோ வீட்டுப் பொம்மைகளைப் பற்றி அவள் சொன்னாலும், அவள் குரல் இளகுவது ஒரு வீட்டைப் பற்றிச் சொல்லும்போது மட்டும்தான். மாடி வைத்த பெரிய வீடு. அங்கே பின்பக்க அறை ஒன்றையே அவர்களுக்குத் தங்கக் கொடுத்திருந்தார்கள். அந்த வீட்டில் பாப்பா என்று ஒரு குழந்தை இருந்ததாம். ஊருக்குப் போயிருக்கிறாளாம். அவளுடைய பொம்மைகள் கண்ணாடி அலமாரி நிறைய இருந்தன. சாவி கொடுத்தால் தரையைக் கொத்தும் தகரக் கோழி. இரட்டைக் குதிரை பூட்டிய மரவண்டி. படுக்கவைத்தால் இமை மூடி, நிமிர்த்தினால் விழித்துப் பார்க்கும் பொம்மை. நிஜமாகவே எடை காட்டும் குட்டித் தராசு. மத்தியானம் அம்மா பின்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது, வீட்டம்மா வந்து இவளைக் கையைப் பிடித்து மாடிக்கு அழைத்துப் போவாள். தலைவாரிப் பின்னிவிட்டு, பாப்பாவின் கவுன்களில் ஒன்றைப் போட்டுவிட்டு, அலமாரியைத் திறந்துவிடுவாள்.

"தொடாதேன்னு சொல்லாத ஒரே வீடு அதுதான்" என்பாள் கர்ட்டன்காரம்மா. "கடைசியில தூங்குற வெளையாட்டு. நான் கட்டில்ல நேராப் படுத்துக்கணும். கண்ண மூடிக்கணும். மூச்சு விடுறது வெளிய தெரியக்கூடாது. அந்தம்மா என்னைச் சுத்தி எல்லாப் பொம்மையையும் அடுக்குவாங்க. தலமாட்டுல கோழி, கால்மாட்டுல வண்டி, கக்கத்துல பொம்மை. எவ்வளவு நேரம் அசையாம இருக்கேனோ அவ்வளவு நேரமும் அதெல்லாம் எனக்குத்தான். நான்தான் எப்பவும் ஜெயிப்பேன்."

இந்தக் கதை வரும்போதெல்லாம் அவளுடைய அம்மா, தண்ணீர் குடிக்கப் போகிற மாதிரி எழுந்து போய்விடுவாள். மகள் விடமாட்டாள். "நல்ல வீட்டைச் சொல்லாமக் கொள்ளாம விட்டுட்டு வந்தவதான இது. அங்கயே இருந்திருந்தா என் சின்ன வயசு எப்படி இருந்திருக்கும்!" என்று முதுகுக்குப் பின்னால் சத்தமாகச் சொல்வாள். அம்மா அடுக்களையிலிருந்தே "சம்பளம் பத்தல" என்பாள். எப்போது கேட்டாலும் அந்த இரண்டு வார்த்தைதான் பதில்.

ஒரு நாள் பல் டாக்டர் ஒருவர் கூப்பிட்டார். முதலில் அவருடைய கிளினிக்குக்கு அளவெடுத்துத் தைத்துக் கொடுத்தார்கள். வேலை பிடித்துப்போய், வீட்டுக்கும் வரச் சொன்னார். பார்க்கச் சாதுவான மனிதர். ஆனால் பேசும்போது எதிரே இருப்பவரின் வாயையே பார்ப்பார். கர்ட்டன்காரம்மாவின் புருஷன் அவரிடம் பேசும்போது பல் தெரியாமல் உதட்டைக் குவித்துக்கொண்டே பேசுவது அவளுக்கு வேடிக்கையாக இருந்தது.

அகலமான தெரு, பெரிய கேட், புதிதாகப் பெயின்ட் அடித்த முகப்பு. அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஹாலில் அளவெடுத்தாள், சாப்பாட்டு அறையில் எடுத்தாள். "மாடியில அம்மா ரூம் இருக்கு. அங்கதான் முக்கியம். வெயில் நேரா மூஞ்சில அடிக்குது, அவங்களுக்கு ஆகல" என்று டாக்டர் படியேறினார். இவர்கள் பின்னாலேயே போனார்கள். கட்டிலில் மிகவும் வயதான அம்மாள் ஒருத்தி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தூங்குகிறாள் போலிருந்தது.

ஜன்னலின் மேல்விளிம்பிலிருந்து டேப்பைத் தொங்கவிட்டு, கீழ் அளவைப் பார்ப்பதற்காக அவள் மண்டியிட்டாள். தலை ஜன்னல் திண்டின் உயரத்துக்கு வந்ததும் கை அப்படியே நின்றுவிட்டது.

அங்கிருந்து பார்த்தால் ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே பின்கட்டுக் கூரை தெரிந்தது. அதன் ஓரத்தில் தண்ணீர்த் தொட்டி. இந்த உயரத்தில் நின்று இதே கம்பியில் நெற்றியை வைத்து, கீழே அம்மா பாத்திரம் கழுவுவதை அவள் பார்த்திருக்கிறாள். இரும்பின் சில்லிப்புகூட நெற்றிக்கு நினைவிருந்தது. அந்த வீட்டுக்குள் அவள் முன்வாசல் வழியாக வந்ததே இல்லை. பின்னாலிருந்து மட்டுமே பார்த்த வீட்டை முன்னாலிருந்து எப்படி அடையாளம் தெரியும்?

மெல்லத் திரும்பினாள். அலமாரி அதே மூலையில் இருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் கோழி, வண்டி, தராசு. பொம்மை உட்கார்ந்த வாக்கில் விழித்துப் பார்த்துக்கொண்டிருந்தது. சந்தோஷத்தில் அவளுக்கு மூச்சே முட்டிவிட்டது. "டாக்டர், இது..." என்று ஆரம்பித்து, அலமாரிக்கு மேலே சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்தாள்.

கறுப்பு வெள்ளைப் படம். ஒரு சிறுமி கட்டிலில் மல்லாந்து நேராகப் படுத்திருக்கிறாள். கண்கள் மூடியிருக்கின்றன. தலைமாட்டில் தகரக் கோழி. கால்மாட்டில் இரட்டைக் குதிரை வண்டி. கக்கத்தில் பொம்மை; அதுவும் இமை மூடியிருக்கிறது.

"எங்க அக்கா" என்றார் டாக்டர், குரலைத் தாழ்த்தி. "நான் பொறக்குறதுக்கு முன்னாடியே காய்ச்சல்ல போயிட்டா. உயிரோட இருக்கும்போது ஒரு போட்டோகூட எடுக்கலையாம். கடைசியா எடுத்த இது ஒண்ணுதான். பார்த்தா செத்த மாதிரியா இருக்கு? தூங்குற மாதிரி இல்ல?"

படத்தில் இருந்த சிறுமியின் மோவாயில் பிறை மாதிரி ஒரு தழும்பு இருந்தது. கீழே பின்கட்டு அடுப்பு மேடையின் முனையில் விழுந்து வாங்கியது. கர்ட்டன்காரம்மாவின் கை தன்னையறியாமல் தன் மோவாய்க்குப் போயிற்று. போட்டோக்காரர் ஒருவர் வந்தது இப்போது நினைவுக்கு வந்தது. முகத்தை அவள் பார்க்கவில்லை, பார்க்க விடவில்லை. பாலிஷ் போட்ட ஷூ மரத்தரையில் முன்னும் பின்னும் நடந்த சத்தம் மட்டும் காதில் இருக்கிறது. வீட்டம்மாவின் குரலும். "கண்ணைத் திறக்காதே. திறந்தா தோத்துடுவ."

"தாடையில என்ன தழும்பு?" என்றார் டாக்டர். வாயைப் பார்த்துப் பழகிய கண் கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது.

அவள் கையைக் கீழே இறக்கினாள். "சின்ன வயசுல விழுந்தது டாக்டர்."

"அக்காவுக்கும் அதே எடத்துல ஒண்ணு இருக்கு பாருங்க. குழந்தைங்க விழுந்தா மொதல்ல அடிபடுற எடமே அதுதான். கிளினிக்குக்கு வாரம் தவறாம யாராவது ஒரு வாண்டு அதே காயத்தோட வருது." சொல்லிவிட்டு அவர் சாதாரணமாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மிச்ச அளவை அவள் எப்படி எடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது. கட்டிலில் இருந்த அம்மாள் திரும்பவே இல்லை.

வண்டியில் ஏறியதும் புருஷனிடம் சொன்னாள். அவர் பாதியில் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டார்.

"நல்லாப் பார்த்தியா? பழைய படம், எல்லாக் குழந்தையும் ஒரே மாதிரிதான் இருக்கும்."

"என் மூஞ்சி எனக்குத் தெரியாதா?"

"சரி. அப்ப உன்னைய வெச்சுத்தான் இத்தனை வருஷமா அவங்க அழுதுட்டு இருக்காங்களா?" கேட்ட பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது போலும். மறுபடி வண்டியைக் கிளப்பினார்.

அன்று சாயங்காலமே அவள் அம்மாவின் அறைக்குப் போனாள். அம்மா இரண்டு தெரு தள்ளித் தனியாக இருந்தாள். எத்தனை கூப்பிட்டாலும் மகள் வீட்டோடு வந்து இருக்கமாட்டாள். அப்போதும் அவள் தன் ஒருத்திக்கான சாப்பாட்டைத் தானே செய்துகொண்டிருந்தாள்.

"மாடி வீட்டுக்குப் போயிருந்தேன்மா. அந்தப் படத்தைப் பார்த்தேன்."

அம்மா அடுப்பை அணைத்தாள். "படம் வேற எடுத்தாளா?" என்றாள்.

அதுவரை யாரிடமும் சொல்லாததை அப்போதுதான் சொன்னாள். "குழந்தை செத்துப்போன வீடுன்னு தெரிஞ்சுதான் வேலைக்குப் போனேன். ஊருக்குப் போயிருக்குன்னு உன்கிட்டச் சொன்னது நான்தான். பாவம், பெத்தவ, உன்னப் பார்த்தா ஆறுதலா இருக்கும்னு நெனச்சேன். தலை வாருனா, சரின்னேன். அவ கவுனைப் போட்டா, அதுக்கும் சரின்னேன். அப்புறம் உன்னப் பாப்பான்னு கூப்பிட ஆரம்பிச்சா. நீயும் என்னன்னு கேட்டுட்டுப் போன. நான் உன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா நீ திரும்பறதில்ல."

"எனக்கு அப்படி ஞாபகமே இல்லையே."

"எனக்கு இருக்கே. அன்னைக்கு மத்தியானம் உப்பு தீந்துபோச்சுன்னு சொல்ல மாடிக்கு வந்தேன். நீ கட்டில்ல கெடக்குற. சுத்தி பொம்மை. அவ தரையில உக்காந்து, கட்டில் சட்டத்துல தலையை முட்டி முட்டிச் சத்தம் வராம அழறா. நான் உன்னக் கூப்பிட்டேன். நீ கண்ணத் தொறக்கல. உலுக்குனேன். அப்பவும் தொறக்கல. எனக்கு உசிரே போயிடுச்சு. கன்னத்துல ஓங்கி ஒண்ணு விட்டேன் பாரு, அப்பத்தான் எழுந்த. எழுந்து என்ன சொன்ன தெரியுமா?"

கர்ட்டன்காரம்மா கன்னத்தைத் தடவிக்கொண்டாள்.

"'என்னைத் தோக்க வெச்சிட்டியே'ன்னு என்னப் பார்த்துக் கத்துன. அந்தம்மா என்னைத் திரும்பிப் பார்த்து, 'சத்தம் போடாதே, இப்பத்தான் உயிர் போச்சு'ன்னா. சாதாரணமா, சாதம் வெந்துச்சுன்னு சொல்ற மாதிரி. கட்டுன துணியோட உன்னத் தூக்கிட்டுப் பின்வாசல் வழியா ஓடி வந்துட்டேன். உலையில இருந்ததைக்கூட எறக்கல."

"அதை என்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல? சம்பளம் பத்தல, சம்பளம் பத்தலன்னு..."

"சந்தோஷமா இருந்தேன்னு நீ சொல்லிக்கிட்டிருந்த. அந்த வயசுல உனக்கு இருந்தது அது ஒண்ணுதான். அதையும் எதுக்குப் புடுங்கணும்?"

மறுபடி அடுப்பைப் பற்றவைத்தாள். அன்று மகளுக்கும் சேர்த்துச் சமைத்தாள். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

அந்த வீட்டு வேலையை விட்டுவிடலாம் என்றுதான் புருஷன் சொன்னார். அவளுக்கும் போகப் பிடிக்கவில்லை. போகாமல் இருக்கவும் முடியவில்லை. அந்த நாட்களில் மல்லாந்து படுத்தால் மூச்சை வெளியே தெரியாமல் விடுகிறோமோ என்று சந்தேகம் வரும். உடனே ஒருக்களித்துப் படுத்து, வேண்டுமென்றே சத்தமாக மூச்சு விடுவாள். கனமான துணியில் லைனிங் வைத்து மாடி ஜன்னலுக்கான திரையைத் தைத்தாள். நல்ல தையல். அதில் குறை வைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

மாட்டப் போன அன்று டாக்டர் கிளினிக்கில் இருந்தார். வேலைக்காரப் பெண் கதவைத் திறந்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள். ஏணிமேல் ஏறிப் புருஷன் கம்பியைப் பொருத்தினார். இவள் கீழே நின்று, கொக்கிகளை உதட்டில் கவ்விக்கொண்டு, ஒவ்வொன்றாகத் துணியில் செருகிக்கொண்டிருந்தாள். ஜன்னல் வெயில் கட்டில்வரை நீண்டிருந்தது.

"கண்ணைத் திறக்காதேன்னு சொன்னேன்ல?"

குரல் தெளிவாக, கொஞ்சம் செல்லக் கண்டிப்போடு வந்தது. அந்த அம்மாள் இந்தப் பக்கம் திரும்பிப் படுத்து இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பயந்து ஓடியிருக்கலாம். ஏணியில் இருந்தவரைக் கூப்பிட்டிருக்கலாம். அவள் இரண்டையும் செய்யவில்லை. பேரப்பிள்ளை எடுக்கிற வயதில், வாயில் கொக்கியோடு நின்றபடியே கண்ணை மூடிக்கொண்டாள். மூச்சும் தானாக அடங்கியது. மனம் வேண்டாம் வேண்டாம் என்று அலறியது; உடம்பு கேட்கவில்லை. தலைக்குள் ஒரு பெரிய நிம்மதி பரவியது. அந்த நிம்மதிதான் அவளைப் பயமுறுத்தியது. இப்படியே இருந்துவிடலாம், அசையவே வேண்டாம், எல்லாம் எனக்குத்தான் என்று யாரோ உள்ளே இருந்து சொல்வது போலிருந்தது.

"ஏய், கொக்கியக் குடு. கை வலிக்குது எனக்கு" என்று மேலிருந்து புருஷன் அதட்டினார்.

கண்ணைத் திறந்துவிட்டாள். கொக்கிகளைத் துப்பிக் கையில் எடுத்தாள். கட்டில் ஓரத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"நான் உங்க பாப்பா இல்லம்மா. சமையல்காரம்மா பொண்ணு. பின்கட்டு ரூம்ல இருந்தோமே."

"தெரியும்" என்றாள் அந்த அம்மாள். "தெரியாமலா இருக்கு எனக்கு?" சுருக்கம் விழுந்த விரலை நீட்டி அவள் மோவாயைத் தடவினாள். தழும்பு வந்ததும் விரல் அங்கேயே நின்றது. "அவளுக்கு இது கிடையாது. ஆனா இது இல்லாம அவளை எனக்கு நெனைக்கவே வரமாட்டேங்குது. அவ மூஞ்சி எனக்கு மறந்துபோச்சும்மா. கண்ண மூடுனா உன் மூஞ்சிதான் வந்து நிக்குது. நானேதான் அவளைத் தொடச்சுட்டேன்."

கர்ட்டன்காரம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். ஏணியிலிருந்த மனுஷன் முதன்முறையாக எந்த ஜோக்கும் அடிக்காமல் சுவரைப் பார்த்து நின்றார்.

"உன்கிட்டக் கேக்கலாம்னு இருந்தேன்" என்றாள் அந்த அம்மாள். "அப்படிப் படுத்திருந்தப்ப உனக்கு என்ன தெரிஞ்சுது?"

"ஒண்ணும் தெரியலம்மா. இருட்டுதான். ஆனா யாரோ பக்கத்துல இருக்காங்கன்னு தெரிஞ்சுது. பயமா இல்ல."

அந்த அம்மாள், இத்தனை வருஷமாகக் கேட்க வேண்டியிருந்தது கேட்டாகிவிட்டது என்பது போலத் திரும்பிச் சுவர்ப்பக்கம் படுத்துக்கொண்டாள். திரையை மாட்டி இழுத்துவிட்டார்கள். அறை நிழலானது.

சில மாதம் கழித்து அந்த அம்மாள் போய்ச் சேர்ந்தாள். டாக்டர் சொல்லியனுப்பினார். கர்ட்டன்காரம்மா தன் அம்மாவிடம் வருகிறாயா என்று கேட்டாள். "அந்த வாசப்படியில மறுபடி காலை வெக்கமாட்டேன்" என்று அம்மா சொல்லிவிட்டாள். ஆனால் அன்று மாலை பெட்டியைக் கட்டிக்கொண்டு, கூப்பிடாமலேயே மகள் வீட்டோடு இருக்க வந்துவிட்டாள்.

புருஷனும் பெண்டாட்டியும் மட்டும் துக்கம் விசாரிக்கப் போனார்கள். டாக்டர் ரொம்பவும் இளைத்துப்போயிருந்தார். அவர்களை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அலமாரியைத் திறந்து, "உங்க பேரப்பிள்ளைங்க யாருக்காவது வேணுமா? எடுத்துக்குங்க. அம்மா இருந்தவரைக்கும் யாரையும் தொடவிடல" என்றார். தகரக் கோழி அவள் நினைத்திருந்ததைவிட மிகவும் சின்னதாக இருந்தது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும்.

"வேண்டாம் டாக்டர். அங்கேயே இருக்கட்டும்" என்றாள்.

அவர் வற்புறுத்தவில்லை. சின்ன வயதில் பரீட்சையில் தோற்றால்கூட இந்தப் படத்தின் முன்னால் நின்று அக்காவிடம் சொல்லி அழுவாராம். இப்போது அதற்குப் பக்கத்திலேயே, அந்த அம்மாளின் இளமைக் காலப் படம் ஒன்றைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்.

உண்மை அவளுக்கு நாக்கு நுனிவரை வந்தது. அவருடைய முகத்தைப் பார்த்தாள். கூடப் பிறந்தவள் என்று அவருக்கு இருந்தது அந்தப் படம் ஒன்றுதான். விழுங்கிவிட்டாள்.

"ரெண்டையும் சேர்த்து மாட்டினப்பறம்தான் எனக்கே தெரிஞ்சுது" என்றார் டாக்டர், இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்து. "அக்கா அப்படியே அம்மா ஜாடை. உங்களுக்கும் அப்படித்தான் தெரியுதா?"

கர்ட்டன்காரம்மா முன்னால் போய், கண் மூடிப் படுத்திருந்த தன் முகத்தை நிதானமாகப் பார்த்தாள்.

"ஆமா டாக்டர். மூக்கு அப்படியே இருக்கு" என்றாள்.

"வர்றவங்க எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க" என்று அவர் திருப்தியோடு தலையாட்டினார்.